பந்து ஒருவர் காலில். வெற்றி இன்னொருவர் கையில்!
கால்பந்து மைதானத்தில் கணக்குப் புத்தகம் செய்த வேலை

2022-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. கத்தார் நாட்டுத் தலைநகர் தோகாவுக்கு அருகே உள்ள கலீபா ஸ்டேடியம். இரவு நேரம். உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடக்கிறது.

ஒரு பக்கம் ஸ்பெயின். 2010-ம் ஆண்டில் உலகக் கோப்பையை வென்ற நாடு. மறு பக்கம் ஜப்பான்.

11-வது நிமிடத்தில் ஸ்பெயின் ஒரு கோல் போட்டது. அதன் பிறகும் பந்து அவர்கள் காலை விட்டுப் போகவில்லை. ஒருவர் இன்னொருவருக்குத் தட்டினார். அவர் அடுத்தவருக்குத் தட்டினார். ஜப்பான்காரர்கள் பந்தின் பின்னால் ஓடி ஓடி வியர்த்தார்கள்.

இடைவேளை முடிந்தது. 48-வது நிமிடத்தில் ஜப்பான் ஒரு கோல் போட்டது. 51-வது நிமிடத்தில் இன்னொரு கோல்! ஸ்பெயின் திகைத்தது. எஞ்சிய நேரம் முழுவதும் முட்டி மோதியும் பதில் கோல் விழவில்லை. 2-க்கு 1 என்று ஜப்பான் வென்றது.

ஆட்டம் முடிந்ததும் கணக்கு எடுத்தார்கள். ஸ்பெயின்காரர்கள் ஆயிரம் முறைக்கு மேல் பந்தைத் தட்டிக் கொடுத்து ஆடியிருந்தார்கள். ஆட்டத்தில் நூற்றுக்கு 82 பங்கு நேரம் பந்து அவர்களிடமே இருந்தது. ஜப்பானிடம் இருந்தது நூற்றுக்கு 17.7 பங்குதான். இவ்வளவு குறைவாகப் பந்தை வைத்திருந்து உலகக் கோப்பை ஆட்டத்தில் வென்ற அணி அதற்கு முன் எதுவும் இல்லை.

அப்படியானால், பந்தை வைத்திருப்பதால் பயன் இல்லையா? எதைச் செய்தால் வெற்றி வரும்? கால்பந்து ரசிகர்கள் டீக்கடையில் பேசித் தீராத இந்தக் கேள்விக்கு விடை தேடி, ஒருவர் பென்சிலும் நோட்டுப் புத்தகமுமாக அரை நூற்றாண்டு அலைந்தார். அவருடைய கதை சுவையானது. அவர் எண்ணியதும் பாடம். அவர் தவறியதும் பாடம்.

இடைவேளையில் பிறந்த எண்ணம்

அவர் பெயர் சார்லஸ் ரீப். இங்கிலாந்து விமானப் படையில் கணக்கு அதிகாரி. கால்பந்து என்றால் உயிர்.

1950-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி அவர் ஸ்விண்டன் என்ற ஊரில் ஆட்டம் பார்த்துக் கொண்டிருந்தார். ஸ்விண்டன் அணியும் பிரிஸ்டல் ரோவர்ஸ் அணியும் மோதின. ஸ்விண்டன் ஆட்டக்காரர்கள் பந்தைக் கோல் பக்கம் கொண்டு போவார்கள்; கோல் மட்டும் விழாது. முதல் பாதி முழுவதும் இப்படியே போயிற்று. ரீப் பொறுமை இழந்தார்.

இடைவேளையில் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். இரண்டாவது பாதியில் ஒவ்வொரு முறை பந்து முன்னேறியதையும் குறித்தார். எங்கே தொடங்கியது, எத்தனை பேர் கால் மாறியது, எங்கே முடிந்தது என்று எல்லாவற்றுக்கும் ஒரு குறி வைத்துக் கொண்டார். சுருக்கெழுத்து மாதிரி.

அன்று தொடங்கிய பழக்கம் அவரை விடவில்லை. வெயில், மழை, பனி எதுவானாலும் மைதானத்துக்குப் போனார். இரவு ஆட்டங்களில் நோட்டில் வெளிச்சம் விழ வேண்டுமே! சுரங்கத் தொழிலாளிகள் அணியும் விளக்குத் தொப்பியை மாட்டிக் கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அவர் தலை நிமிரவில்லை.

1958-ம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசில் 5-க்கு 2 என்று சுவீடனை வென்றது. அந்த ஆட்டத்தின் கணக்கை எழுத நோட்டுப் புத்தகம் போதவில்லை. சுவரில் ஒட்டும் காகிதச் சுருளை எடுத்து அதில் எழுதினார் ரீப்.

நூற்றுக்கு எண்பது!

1968-ம் ஆண்டில் ரீப்பும், பெர்னார்டு பெஞ்சமின் என்ற புள்ளிவிவர நிபுணரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இங்கிலாந்து ராயல் புள்ளிவிவரச் சங்கத்தின் இதழில் அது வந்தது. 1953 முதல் 1967 வரை நடந்த 578 ஆட்டங்களின் கணக்கு அதில் இருந்தது.

அவர்கள் கண்டது இரண்டு முக்கியச் செய்திகள்.

ஒன்று: கோலை நோக்கி ஏறக்குறைய பத்து முறை அடித்தால்தான் ஒரு கோல் விழுகிறது. இன்றைய ஆட்டங்களிலும் ஏறக்குறைய இதுதான் நிலை.

இரண்டு: விழுகிற கோல்களில் நூற்றுக்குச் சுமார் 80, மூன்று பாஸ் அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் விழுகின்றன. ஒருவர் இன்னொருவருக்குப் பந்தைத் தட்டிக் கொடுப்பதைத்தான் 'பாஸ்' என்கிறார்கள்.

இரண்டாவது செய்தியைப் பார்த்ததும் ரீப் ஒரு முடிவுக்கு வந்தார். "பந்தை இங்கும் அங்கும் தட்டிக் கொண்டிருப்பது வீண். நீளமாக உதைத்து, இரண்டு மூன்று பாஸ்களில் கோல் பக்கம் சேர்த்து விட வேண்டும்" என்பதே அந்த முடிவு.

இந்த எண்ணம் மைதானங்களில் வேரூன்றியது. ரீப்பின் கணக்கைக் கேட்டுக் கொண்ட உல்வ்ஸ் அணி 1954-ம் ஆண்டில் இங்கிலாந்து சாம்பியன் ஆனது. பிற்காலத்தில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சித் தலைவராக இருந்த சார்லஸ் ஹியூஸ் என்பவரும் இதே போன்ற கருத்தைச் சொன்னார். 1990-ல் புத்தகமாகவும் எழுதினார். அந்தச் சங்கத்தின் பாடத்தைப் படித்த பயிற்சியாளர்கள், சிறுவர்களுக்கும் அதையே கற்றுக் கொடுத்தார்கள். ஒரு மனிதரின் நோட்டில் இருந்த எண், ஒரு நாட்டுப் பிள்ளைகள் பந்தை உதைக்கும் முறையையே தொட்டு விட்டது.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது.

எது நல்ல நிலம்?

ஒரு விவசாயியிடம் 100 ஏக்கர் நிலம் இருக்கிறது. மேற்கே 91 ஏக்கர். கிழக்கே 9 ஏக்கர். அறுவடை முடிந்தது. மேற்கு நிலத்திலிருந்து 80 வண்டி நெல் வந்தது. கிழக்கு நிலத்திலிருந்து 20 வண்டி நெல் வந்தது.

"நூற்றுக்கு எண்பது வண்டி மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே மேற்கு நிலமே நல்ல நிலம்" என்று அவர் சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? 91 ஏக்கரில் 80 வண்டி என்றால் ஏக்கருக்கு ஒரு வண்டிகூட இல்லை. 9 ஏக்கரில் 20 வண்டி என்றால் ஏக்கருக்கு இரண்டு வண்டிக்கு மேல். நல்ல நிலம் எது என்று குழந்தைகூடச் சொல்லும்.

ரீப்பின் கணக்கிலும் இதேதான் நடந்தது. கோல்களில் நூற்றுக்கு 80, மூன்று பாஸ்களுக்குள் விழுந்தன என்பது உண்மை. ஆனால் ஆட்டத்தில் நடக்கும் எல்லா முயற்சிகளையும் எண்ணினால், நூற்றுக்கு 91-க்கு மேல் மூன்று பாஸ்களுக்குள் முடிந்து விடுகின்றன! இதுவும் அவருடைய கட்டுரையிலேயே இருந்த எண்தான். நான்கு, ஐந்து, ஆறு என்று பாஸ் நீளும் முயற்சிகள் நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. அந்தச் சிறு பங்கிலிருந்துதான் 20 கோல்கள் வந்தன. அதாவது ஒரு முயற்சிக்கு இவ்வளவு பலன் என்று பார்த்தால், நீண்ட பாஸ் ஆட்டம் இரண்டு மடங்குக்கு மேல் பலன் தந்திருக்கிறது.

2005-ம் ஆண்டில் மைக் ஹியூஸ், இயான் பிராங்க்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களை எடுத்துக் கொண்டு இப்படி முயற்சிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திறமையான அணிகளுக்கு நீண்ட பாஸ் ஆட்டத்தில்தான் அதிகக் கோல் விழுகிறது என்று எழுதினார்கள்.

ரீப் எண்ணியதில் பிழை இல்லை. ஒவ்வொரு எண்ணும் உழைத்துச் சேர்த்த எண். எதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் அவர் சறுக்கினார்.

சமையல் கட்டில் ஒரு சூத்திரம்

ஒப்பிடுவதற்குக் கணிதத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'ரிக்ரஷன்' என்று பெயர். தமிழ்ப் பாடப் புத்தகங்களில் 'தொடர்புப் போக்கு' என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதை வீட்டில் உள்ள பெண்கள் நாள்தோறும் செய்கிறார்கள்.

வீட்டில் ஐந்து பேர். தினமும் இவ்வளவு அரிசி உலை வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். திடீரென்று இரண்டு விருந்தாளிகள் வந்து விட்டார்கள். எவ்வளவு கூட்டிப் போட வேண்டும்? அம்மா தராசைத் தேடுவதில்லை. ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று பல நாள் அனுபவத்தில் ஒரு கணக்கு மனத்தில் இருக்கிறது. அந்தக் கணக்குத்தான் தொடர்புப் போக்கு!

ஒரு நாள் சோறு கொஞ்சம் மிஞ்சும். இன்னொரு நாள் கொஞ்சம் குறையும். ஆனால் நூறு நாள் சேர்த்துப் பார்த்தால் கணக்கு பொய்ப்பதில்லை. அந்த மிச்சமும் குறையும்கூட ஒரு செய்தி சொல்லும். "இன்று குழம்பு ருசியாக இருந்தது, எல்லோரும் அதிகம் சாப்பிட்டார்கள்" என்று அம்மா புரிந்து கொள்வாள்.

கணித நிபுணர்கள் இதையே கட்டம் போட்ட தாளில் செய்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளுக்கும் கூடிய வரை நெருக்கமாகப் போகும்படி ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கும் புள்ளிகளுக்கும் உள்ள இடைவெளிகளை வர்க்கமாக்கிக் கூட்டினால், அந்தத் தொகை மிகவும் குறைவாக இருக்க வேண்டும். அதுதான் சரியான கோடு. இந்த முறையை 1805-ம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு லெழாந்தர் என்ற கணித மேதை அச்சில் வெளியிட்டார்.

ஒரு கோடு, இருபது அணிகள்

இந்தக் கோட்டைக் கால்பந்துக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் பிரிமியர் லீக் போட்டியில் 20 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள். வென்றால் 3 பாயிண்டு. சமமாக முடிந்தால் 1 பாயிண்டு. தோற்றால் ஒன்றும் இல்லை. ஆண்டு முடிவில் யாருக்கு அதிகப் பாயிண்டோ அவர்தான் சாம்பியன்.

2015-16-ம் ஆண்டுக் கணக்கை எடுத்துக் கொள்வோம். ஓர் அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது கோல் வித்தியாசம். இருபது அணிகளின் கோல் வித்தியாசத்தையும் பாயிண்டையும் தாளில் குறித்துக் கோடு போட்டால், கிடைக்கும் சூத்திரம் இது:

அணியின் பாயிண்டு = 51.65 + கோல் வித்தியாசத்தின் 0.65 மடங்கு.

எல்லா அணிகளின் சராசரி பாயிண்டு 51.65. அதற்கு மேல் ஒவ்வொரு கோல் வித்தியாசத்துக்கும் 0.65 பாயிண்டு. சுலபமாகச் சொன்னால், 20 கோல் கூடுதல் என்றால் 13 பாயிண்டு கூடுதல்.

கோடு சொன்னதையும் நடந்ததையும் பாருங்கள்:

சவுத்தாம்டன்: கோல் வித்தியாசம் 18. கோடு சொன்னது 63. வாங்கியது 63.
லிவர்பூல்: கோல் வித்தியாசம் 13. கோடு சொன்னது 60. வாங்கியது 60.
வாட்போர்டு: 10 கோல் குறைவு. கோடு சொன்னது 45. வாங்கியது 45.
நார்விச்: 28 கோல் குறைவு. கோடு சொன்னது 33. வாங்கியது 34.

ஜோசியம் போல இருக்கிறதல்லவா? ஆனால் ஜோசியம் இல்லை. ஆண்டு முடிந்த பிறகு போட்ட கோடு இது. அணிகளின் பாயிண்டு ஒன்றுக்கொன்று ஏறி இறங்குவதில், நூற்றுக்கு 92 பங்கை இந்த ஒரே கோடு விளக்கி விடுகிறது. எஞ்சிய 8 பங்குதான் மிச்சம்.

அந்த மிச்சத்தில்தான் அந்த ஆண்டின் பெரிய அதிசயம் ஒளிந்திருக்கிறது.

லெஸ்டர் செய்த அதிசயம்

லெஸ்டர் சிட்டி அந்த ஆண்டு தொடங்கும்போது யாரும் மதிக்காத அணி. முந்தின ஆண்டில் 14-வது இடம். அது சாம்பியன் ஆகும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பந்தயக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். ஒரு பவுண்டு கட்டினால் ஐயாயிரம் பவுண்டு!

லெஸ்டர் சாம்பியன் ஆனது. வாங்கிய பாயிண்டு 81. அடுத்து வந்த ஆர்சனலுக்கு 71. இத்தனைக்கும் பந்தை அதிக நேரம் வைத்திருந்த அணி அல்ல லெஸ்டர். அதன் ஆட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட நேரம் பந்து எதிரியிடமே இருந்தது.

கோடு என்ன சொல்கிறது? லெஸ்டரின் கோல் வித்தியாசம் 32. கோட்டின்படி 72 பாயிண்டுதான் வர வேண்டும். 9 பாயிண்டு அதிகம் வந்திருக்கிறது. மூன்றாவதாக வந்த டாட்டன்ஹாமின் கோல் வித்தியாசம் 34. கோட்டின்படி அதற்கு 74. ஆனால் வாங்கியது 70. கோடு மட்டும் நடுவராக இருந்திருந்தால் கோப்பை டாட்டன்ஹாமுக்குப் போயிருக்கும்!

இந்த 9 பாயிண்டு எங்கிருந்து வந்தது? லெஸ்டர் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பல ஆட்டங்களை வென்றது. ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றாலும் 3 பாயிண்டுதான். ஒரு கோலில் வென்றாலும் 3 பாயிண்டுதான். கடைசி நிமிடங்களில் கலங்காத மன உறுதி அதில் இருந்தது. அதிர்ஷ்டமும் இருந்தது. இரண்டும் எவ்வளவு என்று ஓர் ஆண்டுக் கணக்கை வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? லெஸ்டர் 44 பாயிண்டோடு 12-வது இடத்துக்கு இறங்கியது. வெற்றி தேடித் தந்த பயிற்சியாளர் ராணியேரி 2017 பிப்ரவரியில் வேலை இழந்தார். முந்தின ஆண்டு 10-வது இடத்தில் கிடந்த செல்சி 93 பாயிண்டோடு சாம்பியன் ஆனது.

உயரமான அப்பா, சற்று உயரமான மகன்

'ரிக்ரஷன்' என்ற பெயர் வந்த கதையே இதுதான். இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்டன், 1886-ம் ஆண்டில் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 205 தம்பதிகள், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேர்.

மிகவும் உயரமான பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் உயரமாகவே இருந்தார்கள். ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகவும் குள்ளமான பெற்றோருக்குப் பிறந்தவர்கள் குள்ளமாக இருந்தார்கள். ஆனால் பெற்றோரைவிடச் சற்று உயர்ந்திருந்தார்கள். இரு புறமும் சராசரியை நோக்கித் திரும்பும் போக்கு இருந்தது. 'திரும்புதல்' என்ற பொருளில்தான் கால்டன் அந்தப் பெயரை வைத்தார்.

அணிகளும் அப்படித்தான். அளவுக்கு மேல் வாய்த்த ஆண்டுக்குப் பிறகு இறக்கம் வருவது இயல்பு. மிக மோசமான ஆண்டுக்குப் பிறகு ஏற்றம் வருவதும் இயல்பு. இதை அறியாத முதலாளிகள், அணி இறங்கினால் பயிற்சியாளரைத் துரத்துகிறார்கள். புதியவர் வந்ததும் அணி ஏறினால் அவரை மந்திரவாதி என்று புகழ்கிறார்கள். அந்த ஏற்றத்தில் பாதி, தானாகவே வந்திருக்கக் கூடும்! ஒருவருடைய வேலையே போகிற விஷயம் இது. கணக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கத் தோன்றும்.

குடையும் மழையும்

கோல் வித்தியாசம் பாயிண்டாக மாறுவது ஆச்சரியம் இல்லை. கோல் எதனால் வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி. பந்தை வைத்திருந்த நேரம், பாஸ்கள், கார்னர்கள், கோலை நோக்கி அடித்த அடிகள், சொந்த ஊர் மைதானம் என்று எத்தனையோ இருக்கின்றன.

இவற்றை எல்லாம் ஒரே கணக்கில் சேர்க்கவும் வழி உண்டு. விருந்துக்கு வந்தவர்களில் பெரியவர் எத்தனை பேர், குழந்தை எத்தனை பேர் என்று பிரித்து, பெரியவருக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு என்று அம்மா அரிசி போடுவது போல. ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனி அளவு கிடைக்கும்.

இப்படிப் போட்ட கணக்குகளில் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்பது, கோல் சட்டத்துக்குள் போகும்படி அடித்த அடிகள்தான். ரசிகர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்யும் கார்னருக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. நூறு கார்னரில் கோலாக முடிபவை இரண்டு மூன்றுதான்.

பந்தை வைத்திருந்த நேரம்? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல அணிகள் பந்தை அதிகம் வைத்திருக்கின்றன. நல்ல அணிகள் வெல்லவும் செய்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பந்தை வைத்திருந்ததால் வெற்றி வந்தது போலத் தோன்றும். அணியின் திறமையைத் தனியே பிரித்து விட்டுப் பார்த்தால் அந்தத் தொடர்பு தேய்ந்து போகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு கோல் பின்தங்கிய அணி பதைத்துப் போய்ப் பந்தைத் துரத்தும். முன்னால் நிற்கும் அணி பின்வாங்கிக் காவல் காக்கும். ஸ்பெயினுக்கு நடந்தது இதுதான். 51-வது நிமிடத்துக்குப் பிறகு ஜப்பான் கோட்டைக் கதவைச் சாத்திக் கொண்டது. பந்து ஸ்பெயினிடம் இருந்ததற்கு ஒரு காரணம், ஸ்பெயின் தோற்றுக் கொண்டிருந்ததுதான்!

தெருவில் எல்லோரும் குடையோடு போகும் நாளில் மழை பெய்கிறது. அதற்காகக் குடைதான் மழையை அழைத்து வந்தது என்று சொல்லலாமா? இரண்டு எண்கள் சேர்ந்து நடக்கும். எது முன்னால் போகிறது, எது பின்னால் வருகிறது என்று எண் தானாகச் சொல்லாது. மனிதன்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வோர் அடிக்கும் ஒரு விலை

இப்போது நிபுணர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். கோலை நோக்கி அடித்த எல்லா அடிகளும் சமம் இல்லை. கோலுக்கு முன்னால் நின்று அடிப்பதும், முப்பது கஜத்துக்கு அப்பாலிருந்து அடிப்பதும் ஒன்றாகுமா?

ஆகவே பல ஆயிரம் அடிகளைச் சேர்த்து வைத்து, தூரம் எவ்வளவு, எந்தக் கோணம், காலால் அடித்ததா, தலையால் முட்டியதா என்று குறித்து, அதிலிருந்து ஒரு தொடர்புப் போக்குக் கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் கோலாகும் வாய்ப்பு என்ன என்று அது சொல்லும். பெனால்டி அடிகளில் நூற்றுக்கு 75 முதல் 80 வரை கோலாகின்றன. பெனால்டிக் கட்டத்துக்கு வெளியே இருந்து அடித்தால் நூற்றுக்கு மூன்று நான்குதான்.

ஓர் அணி அடித்த எல்லா அடிகளின் வாய்ப்பையும் கூட்டினால் வருவது 'எதிர்பார்க்கும் கோல்'. 2017-ம் ஆண்டு முதல் பி.பி.சி. டெலிவிஷன் தன் கால்பந்து நிகழ்ச்சியில் இந்த எண்ணையும் காட்டத் தொடங்கியது.

கதை திரும்பி வந்த ஊர்

ரீப்பின் நோட்டை முதன் முதலாக மதித்துக் கேட்ட அணிகளில் ஒன்று, லண்டன் மேற்குப் பகுதியில் உள்ள பிரெண்ட்போர்டு. அது 1951-ம் ஆண்டு. அப்போது அந்த அணி இரண்டாம் பிரிவில் இருந்தது. முதல் பிரிவிலிருந்து 1947-ல் இறங்கிய அணி அது. இறங்கியது இறங்கியதுதான். பல தலைமுறை ரசிகர்கள் ஏக்கத்தோடு காத்திருந்தார்கள்.

2012-ம் ஆண்டில் மாத்யூ பென்ஹாம் என்பவர் அணியின் உரிமையாளர் ஆனார். சிறு வயது முதல் அந்த அணியின் ரசிகர். ஆக்ஸ்போர்டில் பௌதிகம் படித்தவர். பந்தயக் கணக்குப் போடும் கம்பெனி வைத்திருப்பவர். பெரிய அணிகளைப் போலப் பணத்தைக் கொட்ட அவர் அணியால் முடியாது. ஆகவே கணக்கை நம்பினார். மற்றவர்கள் கண்ணில் படாத ஆட்டக்காரர்களை எண்களை வைத்துத் தேடிப் பிடித்தார். டென்மார்க் நாட்டு மிட்டியுலாண்டு அணியும் 2014-ல் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே அந்த அணி முதன் முறையாகத் தன் நாட்டுச் சாம்பியன் ஆனது.

2021-ம் ஆண்டு மே 29-ந் தேதி, வெம்பிளி மைதானம். பிரெண்ட்போர்டு 2-க்கு 0 என்று ஸ்வான்சீயை வென்றது. 74 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் பிரிவுக்குத் திரும்பியது! தாத்தா பார்த்ததைப் பேரன் முதன் முறையாகப் பார்த்தான்.

அதைப் பார்க்க ரீப் இல்லை. 2002-ம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய முடிவைப் பிறகு வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் ஆட்டத்தை எண்ணிப் பார்க்கலாம் என்று காட்டிய அவருடைய பென்சிலை அவர்கள் கீழே போடவில்லை.

எண்ணுக்கு எட்டாதது

எல்லாம் எண்ணி விட்டால் ஆட்டத்தில் சுவை ஏது என்று சிலர் கேட்பார்கள். கவலை வேண்டாம். கால்பந்தில் கோல் குறைவு. ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று கோல்தான். குறைவாக நடக்கும் காரியத்தில் தற்செயலுக்கு எப்போதும் இடம் உண்டு.

ஜப்பானின் இரண்டாவது கோலையே பாருங்கள். பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போய் விட்டது என்றே மைதானத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். காமிராவை வைத்து ஆராய்ந்தார்கள். பந்தின் ஓரம் ஒரு மயிரிழை அளவு கோட்டின் மேல் இருந்தது! கோல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அந்த மயிரிழை தவறியிருந்தால் ஆட்டம் சமமாகப் போயிருக்கலாம். எந்தச் சூத்திரமும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

சூத்திரத்துக்கு வேறு வேலை. ஒரு நாள் நடந்ததைக் கண்டு ஏமாறாமல், நூறு நாளில் நடப்பதை அது காட்டும். அதற்குப் பெரிய படிப்பு அவசியம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் திடலில் பிள்ளைகள் பந்து விளையாடும்போது, ஒரு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்க்கலாம். கிட்டே இருந்து அடித்தது எத்தனை, அதில் கோல் எத்தனை. தூர இருந்து அடித்தது எத்தனை, அதில் கோல் எத்தனை என்று நான்கு வரிசை போட்டால் போதும்.

கோலை மட்டும் எண்ணி விட்டு எழுந்து விடக் கூடாது. கோலாகாமல் போன அடிகளையும் எண்ண வேண்டும். ரீப் தவறிய இடம் அதுதான்.